மறு: கொம்பாஸ் – தாளமா, தாளக்கட்டா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

> கொம்பாஸுக்குத் 'தாளம்', நுவேவோ ஃபிளமெங்கோவுக்குக் 'கலப்பு ஃபிளமெங்கோ' என்று போட்டுவிடலாமே?

தென் ஸ்பெயினின் பாட்டு, கிதார், ஆட்டம் சேர்ந்த கலையான ஃபிளமெங்கோவின் சொற்களுக்கு நாம் தமிழ்க் கலைச்சொல் தேடுகிறோம். கொம்பாஸ் என்பது அதன் தாளச் சுற்று; நுவேவோ ஃபிளமெங்கோ என்பது புதிய கருவிகளும் பாணிகளும் சேர்ந்த அதன் இக்கால வடிவம். இந்த இரண்டு சொற்களையும் சேர்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். கொம்பாஸ் எது என்று பிடிபட்டால், கடந்த ஐம்பது ஆண்டுகளில் ஃபிளமெங்கோவில் எது மாறியது, எது மாறவில்லை என்பதும் பிடிபடும்.

புலேரியா என்ற விரைவான ஃபிளமெங்கோ வகையை எடுத்துக்கொள்ளுங்கள். 12 எண்ணிக்கை கொண்ட சுற்று. 12, 3, 6, 8, 10 ஆகிய இடங்களில் அழுத்தம், அதாவது 3+3+2+2+2. எண்ணத் தொடங்குவது பன்னிரண்டில். கிதார்க்காரர் ஒரு வரியை முடிப்பது பெரும்பாலும் பத்தில். நம் இசையில்போல முடிப்பு (தீர்மானம்) சுற்றின் தொடக்க எண்ணில் (சமத்தில்) வந்து விழும் என்று காத்திருக்கும் காது இங்கே தடுமாறும். சுற்றி இருப்பவர்கள் கைதட்டியே சுற்றைத் தாங்கிப் பிடிக்கிறார்கள். பாடுபவரோ ஆடுபவரோ வழுவினால், 'கொம்பாஸுக்கு வெளியே போய்விட்டார்' என்பார்கள். அதைவிடப் பெரிய குறை அங்கே கிடையாது. ஆகவே உள்ளே, வெளியே என்று பேச இடம் தரும் சொல் வேண்டும். தாளக்கட்டு அதைத் தருகிறது: தாளக்கட்டுக்குள் நின்றார், தாளக்கட்டு தவறினார். எல்லோர் வாயிலும் ஏற்கெனவே புழங்கும் சொல்லும்கூட. (தோனா போலத் தாளக்கட்டின்றிப் பாடும் வகைகளும் உண்டு, அவற்றைத் தனியாகக் குறித்துக்கொள்ளலாம்.)

இனி 'கலப்பு'. 1970களின் பிற்பகுதியில் ஃபிளமெங்கோ கிதார்க்காரர் பாக்கோ தெ லூசியா பெருவின் லிமாவில் கஹோன் என்ற மரப்பெட்டியைக் கேட்டார். அடிமைப்பட்ட ஆப்பிரிக்க மக்களின் வழிவந்தவர்கள் அங்கே வாசித்துவந்த கருவி அது. பெட்டிமேல் உட்கார்ந்து முன்பலகையைக் கையால் தட்ட வேண்டும். நடுவில் தட்டினால் கனத்த ஒலி, மேல் விளிம்பில் தட்டினால் வெடுக்கென்ற ஒலி. அந்த வெடுக்கொலி கைதட்டலோடும் குதிகால் ஒலியோடும் அப்படியே பொருந்திப்போனது. அவர் குழுவில் பிரேசில்காரர் ரூபெம் தந்தாஸ் அதை வாசித்தார். இன்று கஹோன் இல்லாத ஃபிளமெங்கோ மேடையைப் பார்ப்பதே அரிது. வெளியிலிருந்து வந்த கருவிதான், ஆனால் வாசிப்பது அதே பன்னிரண்டை. இதைக் கலப்பு என்று எப்படிச் சொல்வது?

பாடகர் கமரோன் தெ லா இஸ்லா 1979இல் வெளியிட்ட 'லா லெயெந்தா தெல் தியெம்போ' ஆல்பத்தில் மின்கிதார், டிரம்ஸ், ஒரு பாட்டில் சித்தார்கூட உண்டு. பழமை விரும்பிகள் கொதித்தார்கள், விற்பனையும் மந்தம். பின்னால் அதையே திருப்புமுனை என்றார்கள். இன்னொரு பாடகர் என்ரிக்கே மொரெந்தே 1996இல் ஒரு ராக் குழுவோடு 'ஒமேகா' ஆல்பத்தைப் பாடினார். இவற்றுக்கெல்லாம் 'புதிய ஃபிளமெங்கோ' என்ற எளிய பெயரே போதும். 'கலப்பு' என்று சொன்னால் அந்தப் பழைய கோபத்தை நாமே கலைச்சொல்லாக ஆக்கிவிடுவோம்.

அப்புறம் ஸ்பானியப் பாடகி ரொசாலியா. 2018இல் வந்த அவரது 'எல் மால் கெரேர்' ஃபிளமெங்கோவின் கைதட்டலையும் குரல் வளைவுகளையும் எடுத்து மின்னணுப் பாப் இசைக்குள் வைக்கிறது. அதிலும் தாளக்கட்டில் நிற்கும் பாட்டுகள் உண்டு. ஆனால் மொத்தத்தில் அது பாப் ஆல்பம்தான். கிதானோ (ஸ்பெயினின் ரோமா) மக்கள் சிலர், தங்கள் உச்சரிப்பையும் அடையாளங்களையும் வெளியார் ஒருவர் எடுத்தாள்வதாகக் கண்டித்தார்கள். அந்தக் கண்டனத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். 'கலப்பிசை' என்ற சொல்லை இத்தகைய இசைக்கு வைத்துக்கொள்வோம்.

> சபதேயாதோவுக்குத் 'தட்டடவு' சரிதானே?

வேண்டாம். அது பரதநாட்டியத்தில் திட்டமாக வரையறுத்த ஓர் அடவு. சபதேயாதோ குதிகால், முன்பாதம், நுனி மூன்றாலும் தரையில் தாளம் வாசிப்பது. ஃபிளமெங்கோ ஆட்டக்காரர் இஸ்ராயேல் கல்பான் ஆடும்போது ஒலி காலோடு நிற்பதில்லை. மார்பைத் தட்டுவார், பல்லைக்கூடத் தட்டுவார். சட்டென நின்றுவிடுவார். அந்த அமைதியிலும் எண்ணிக்கை ஓடிக்கொண்டிருக்கும். அங்கேயும் மாறாதது தாளக்கட்டு.

என் முன்மொழிவு: கொம்பாஸ் – தாளக்கட்டு, நுவேவோ ஃபிளமெங்கோ – புதிய ஃபிளமெங்கோ, சபதேயாதோ – காற்கொட்டு. கடைசிச் சொல் மட்டும் சொல்லிப் பார்க்கையில் சற்று முரடாக இருக்கிறது. நட்டுவாங்கம் தெரிந்தவர்கள் யாராவது வேறு சொல் தந்தால் மாற்றிக்கொள்ளலாம்.

அன்புடன்