புதுப்பிப்பு: பொங்கலுக்குத் திருச்சி டிக்கெட் கிடைத்துவிட்டது

பொங்கலுக்கு நாலு பேர் சிங்கப்பூரிலிருந்து திருச்சி போக டிக்கெட் விலை எகிறுகிறது, என்ன செய்யலாம் என்று போன வாரம் கேட்டிருந்தேன். நேற்று இரவு எடுத்துவிட்டேன்.

நாலு பேர் என்று போட்டுத் தேடியதுதான் தப்பு. ஒரே விமானத்தில் பல விலைப் படிகள் இருக்கும். மலிவான படியில் இரண்டு இடம்தான் மிச்சம் என்றால், பெரும்பாலும் நாலு பேருக்குமே அடுத்த படியின் விலைதான் காட்டும். இரண்டு பேர் என்று மாற்றினேன்; தலைக்கு 62 வெள்ளி இறங்கியது! முதலில் அந்த இரண்டு, அப்புறம் மீதி இரண்டு என்று இரண்டு பதிவாக எடுத்தேன்.

விமானம் ரத்தானால் இரண்டு பதிவுக்கும் தனித்தனியாக மாற்று இடம் தரலாம். அதனால் சின்னவளை என்னுடைய பதிவிலேயே வைத்துக்கொண்டேன். பெட்டிக் கட்டணத்தையும் கூட்டிப் பார்த்த பிறகே பணம் கட்டினேன்.

சென்னை வழியாகப் போகச் சொன்ன அண்ணனுக்கு நன்றி. ஆனால் அங்கிருந்து திருச்சிக்கு இரவு பஸ் அம்மாவின் முதுகுக்கு ஆகாது.