டெர்மினலில் வந்த விளம்பரம்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

இரணைமடுக்காரன்:

கிளிநொச்சியில் சின்னதாக ஒரு கணினி வகுப்பு நடத்துகிறேன். பதினொரு பழைய மெசின், எல்லாவற்றிலும் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம். உரிமம் வாங்கக் காசில்லாமல் தொடங்கியது, இப்போது பிடித்துப்போய்விட்டது. போன மாதம் ஒரு சனிக்கிழமை, சாதாரண தரப் பிள்ளைகளுக்கு அப்டேட் போடுவது எப்படி என்று காட்டிக்கொண்டிருந்தேன். டெர்மினல் என்கிற, கட்டளை அடிக்கும் கறுப்புத் திரையில் வரிகள் ஓடி முடிந்தன. கடைசியில் ஒரு அறிவித்தல்: மெசினுக்கு மேலதிகப் பாதுகாப்பு வேண்டுமென்றால் எங்கள் சந்தாவில் சேருங்கள்.

எனக்கு அது பழகிப்போன வரி, கண் தானாகத் தாண்டிவிடும். பிள்ளைகளுக்குத் தாண்டத் தெரியாது. டெர்மினலில் வரும் ஒவ்வொரு வரியையும் வாசியுங்கள் என்று மூன்று கிழமையாகச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். ஒரு பிள்ளை கையைத் தூக்கி, "சேர், அப்ப எங்கட மெசினுக்கு இப்ப பாதுகாப்பு இல்லையா? வைரஸ் வந்திட்டா?" என்று கேட்டாள். அன்று பின்னேரம் தகப்பன் போன் எடுத்தார். "தம்பி, வகுப்புக் காசுக்கு மேலால வேற ஏதும் கட்ட வேணுமோ?"

அந்த வரியில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் எச்சரிக்கை வரவேண்டிய இடத்தில், எச்சரிக்கையின் குரலிலேயே விற்பனைப் பேச்சு வந்து நிற்கிறது. எனக்குச் செரிக்காதது அதுதான். உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் எழுதுங்கள்.

மாங்குளம் ரிப்பெயர்:

அண்ணை, குறை நினைக்க வேண்டாம். முழுச் சிஸ்டத்தையும் சும்மா தருகிறார்கள், ஒரு வரி விளம்பரம் போட்டால் என்ன? செய்பவனுக்கும் சோறு வேண்டும்தானே. என் கடைக்கு வருகிறவர்கள் விண்டோஸில் பார்க்கிற விளம்பரத்துக்கு ஒரு நாளும் முறையிட்டதில்லை.

வவுனியாவில் படிப்பவன்:

ரிப்பெயர் அண்ணை சொல்வதில் பாதி சரி. 2019 ஓகஸ்டில் இதே சண்டை ஜாவாஸ்கிரிப்ட் என்ற நிரல்மொழியின் உலகத்தில் நடந்தது. 'ஸ்டாண்டர்ட்' என்று கோட் நடையைச் சரிபார்க்கும் ஒரு பொதி, அதாவது மற்றவர்கள் எடுத்துப் பாவிக்கும் கோட் தொகுப்பு, இருக்கிறது. அதை நிறுவும்போது டெர்மினலில் லினோட், லாக்ராக்கெட் நிறுவனங்களின் விளம்பரம் வரும்படி அதை உருவாக்கியவர் செய்தார். பராமரிப்புக்குக் காசு திரட்டத்தான், அதை ஒளிக்கவும் இல்லை. ஆனால் எதிர்ப்பு கிளம்பிச் சில நாட்களிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. பிறகு, அந்தப் பொதிகளை விநியோகிக்கும் என்பிஎம் நிறுவனம் இப்படி விளம்பரம் காட்டும் பொதிகளுக்கு இடமில்லை என்றது. அதே ஆண்டு நவம்பரில் 'என்பிஎம் ஃபண்ட்' என்ற கட்டளை வந்தது. அதை அடித்தால், நீங்கள் பயன்படுத்தும் பொதிகளில் யார் யார் நிதி கேட்கிறார்கள் என்று காட்டும்.

இதில் இன்னொன்று. கோர்-ஜேஎஸ் என்ற பொதியை நிறுவும்போது, இதை எழுதியவர் நல்ல வேலை தேடுகிறார் என்று முன்பு ஒரு வரி வந்தது. பலருக்கு அது எரிச்சல். எனக்கு வரவில்லை. நானும் வேலை தேடப்போகிற ஆள்தானே.

முள்ளியவளை அக்கா:

டெர்மினல் எனக்குத் தெரியாது. எங்கள் பாடசாலை இணையத்தளத்தை நான் பார்த்துக்கொள்கிறேன், சம்பளமில்லாமல். படத்தொகுப்புக்கென்று ஒரு இலவச பிளக்இன், அதாவது தளத்தோடு சேர்க்கும் துணை மென்பொருள், போட்டிருந்தோம், திறந்த மூலம்தான். ஒரு நாள் காலை அதிபர் பதறிப்போய் அழைத்தார். உள்ளே போனால் மேலே கறுப்புப் பட்டை, அதில் 'பிளாக் ஃப்ரைடே' என்று பெரிய எழுத்து, வெளிநாட்டுத் தள்ளுபடி விற்பனையின் பெயர். அவர் அதைக் 'கறுப்பு வெள்ளி' என்று வாசித்துவிட்டு, யாரோ உள்ளுக்குள் புகுந்து துக்க அறிவித்தல் போட்டுவிட்டார்கள் என்று முடிவுகட்டியிருந்தார். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. மூடினேன். அடுத்த நாளும் வந்தது. மூடும் பொத்தான் மூடுவதற்கில்லையாம், 'பிறகு நினைவூட்டு' என்பதற்காம்.

பிளக்இனைத் தூக்கிவிட்டேன். படங்களை ஒவ்வொன்றாகத் திரும்ப ஏற்ற இரண்டு டேட்டா காட் முடிந்தது, என் காசில்.

இரணைமடுக்காரன்:

அக்கா, டேட்டா என்றதும் ஞாபகம் வருகிறது. 2012 ஒக்டோபரில் உபுண்டு என்ற லினக்ஸ் வகையின் 12.10 பதிப்பு வந்தது. உங்கள் சொந்தக் கோப்பைத் தேட அதன் டாஷ் என்ற தேடல் பெட்டியில் இரண்டு எழுத்து அடித்தாலும், அந்த எழுத்துகள் உபுண்டுவை வெளியிடும் கனோனிக்கல் நிறுவனத்தின் சேர்வருக்குப் போய், அமேசனில் விற்கும் சாமான்களோடு திரும்பி வரும். சுதந்திர மென்பொருள் இயக்கத்தைத் தொடக்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன் அதை உளவு மென்பொருள் என்றே சொன்னார். அணைக்க வழி இருந்தது, ஆனால் தெரிந்தவனுக்குத்தான். 2016இல் 16.04 வரும்போதுதான் அது இயல்பாகவே அணைந்த நிலைக்கு வந்தது.

2020இல் லிப்ரே ஆபீஸ் என்ற இலவச அலுவலக மென்பொருளின் 7.0 பதிப்பின் முன்வெளியீட்டில் 'பேர்சனல் எடிஷன்' என்ற பெயர் ஒட்டியது. விளம்பரம்கூட இல்லை, இரண்டு சொல். அதற்கே பயனர்கள் கொதித்தார்கள். அப்படி எழுதிக்கிடந்தால் பள்ளிக்கூடத்திலும் அலுவலகத்திலும் பாவிக்கக் கூடாதோ என்று மேலதிகாரி கேட்பார் என்பதுதான் பயம். இறுதி வெளியீட்டில் அந்தச் சொற்கள் இல்லை. எங்கள் அதிபர்மாரை நினைத்தால் அந்தப் பயம் நியாயம்தான்.

புதுக்குடியிருப்பிலிருந்து ஒருவர்:

வாசித்துக்கொண்டு மட்டும் இருக்கலாம் என்று நினைத்தேன், முடியவில்லை. "சும்மா தருகிறார்கள்" என்ற கதையை வன்னியில் இருக்கிற எங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. 2009க்குப் பிறகு கொடுத்தவரின் இலச்சினை இல்லாத சாமான் எங்கள் வளவில் இருந்ததா? தறப்பாளில் பெயர், வாளியில் பெயர், கிணற்றுக்கட்டில் பெயர், மலசலகூடக் கதவில்கூடப் பெயர். நன்றி இருந்தது, இப்போதும் இருக்கிறது. கிணற்றுக்கட்டில் பெயர் எழுதினால் தண்ணீர் அள்ள இடைஞ்சல் இல்லை. ஆனால் ஒவ்வொரு தரம் கயிற்றை இழுக்கும்போதும் கப்பி நின்று, "எங்கள் அமைப்பில் சேருகிறீர்களா?" என்று கேட்டால்?

விம் என்று ஒரு பழைய எடிட்டர், கோட் எழுதப் பாவிப்பது. கோப்பின் பெயர் எதுவும் கொடுக்காமல் திறந்தால், உகண்டாவில் உள்ள ஏழைப் பிள்ளைகளுக்கு உதவுங்கள் என்று ஒரு வரி தெரியும். அதை உருவாக்கிய பிராம் மூலெனார் 2023இல் காலமானார், அந்தப் பிள்ளைகளுக்காகக் கேட்டுக்கொண்டிருந்தார். தட்டச்சு செய்யத் தொடங்கினால் வரி மறைந்துவிடும். வருடக்கணக்காகப் பார்க்கிறேன், ஒரு நாளும் எரிச்சல் வந்ததில்லை. ஒரு தரம் அந்த உதவிப் பக்கத்தை முழுதாக வாசித்தும் இருக்கிறேன். அகதி முகாமில் கொப்பி பென்சிலுக்கு வரிசையில் நின்றவன் நான், அதனாலும் இருக்கலாம்.

மாங்குளம் ரிப்பெயர்:

சரி, கப்பிக் கதைக்கு என்னிடம் மறுமொழி இல்லை. ஆனால் ஒன்று. லினக்ஸில் பாவிக்கும் கேடிஈ பிளாஸ்மா என்ற திரைமுகப்பில், 2024இல் வந்த 6.2 பதிப்பிலிருந்து, வருடத்துக்கு ஒருமுறை, டிசம்பரில், நன்கொடை கேட்டு ஒரு அறிவித்தல் வருகிறது. வேண்டாமென்றால் அதை நிறுத்தியும் வைக்கலாம். அதற்கும் சண்டை பிடித்தவர்கள் உண்டு. வட்டாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு வருடத்துக்கு ஒருக்கால் ரசீதுப் புத்தகத்தோடு வருகிறவனை நாங்கள் விரட்டுகிறோமா? அதையும் வேண்டாம் என்றால் பிறகு யார்தான் எழுதித் தருவது?

முள்ளியவளை அக்கா:

வருடத்துக்கு ஒருக்கால் என்றால் தேத்தண்ணியும் கொடுத்து அனுப்பலாம். எனக்கு வந்தது தினமும் வந்தது.

இரணைமடுக்காரன்:

நான் செய்ததைச் சொல்லிவிட்டுப் போகிறேன். பத்து மெசினில் அந்த அறிவித்தலை அணைத்துவிட்டேன், அமைப்பில் ஒரு வரி மாற்றினால் போதும். பதினொராவதில் வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். அப்டேட் முடிந்ததும் திரையில் வந்ததைக் கொப்பியில் எழுதி, எது தகவல், எது எச்சரிக்கை, எது விளம்பரம் என்று பிரித்துக் கோடு போடச் சொல்கிறேன். போன சனி ஏழு பேரில் நான்கு பேர் சரியாகப் போட்டார்கள். கையைத் தூக்கிய அந்தப் பிள்ளை மட்டும் மூன்று கோட்டையும் விட்டுவிட்டுப் பக்கத்தில் 'வைரஸ்' என்று எழுதி வைத்திருக்கிறாள்.