டாக்டர் ஹூ: ஒரே தப்பு, இரண்டு எபிசோடில் இரண்டு தண்டனையா?
காரைக்குடிக்கு லீவுக்கு வந்த அக்கா மகனோடு, ‘டாக்டர்’ என்ற காலப் பயணியைப் பற்றிய பிரிட்டிஷ் டிவி தொடரான டாக்டர் ஹூ பார்க்கிறேன். வளவில் உட்கார்ந்து, காலண்டர் தாளின் பின்பக்கம் காலப் பயண விதிகளை எழுதிக்கொண்டே வந்தோம். இப்போது மாட்டிக்கொண்டோம்.

2005-இல் வந்த ‘ஃபாதர்ஸ் டே’யில், டாக்டரோடு பயணம் செய்யும் ரோஸ் 1987-க்குப் போய், கார் மோதி இறக்க வேண்டிய அப்பாவைக் காப்பாற்றுகிறாள். உடனே சிறகு முளைத்த ஜந்துகள் வந்து ஆட்களை விழுங்குகின்றன. அவர் இறந்த பிறகுதான் எல்லாம் சரியாகிறது.

2009-இல் வந்த ‘தி வாட்டர்ஸ் ஆஃப் மார்ஸ்’ கதையில், 2059-இல் செவ்வாயில் சாக வேண்டிய அடிலெய்டை டாக்டரே பூமிக்குக் கொண்டுவந்து விடுகிறார். அதுவும் மாற்றக் கூடாத நிகழ்வு என்று தெரிந்தே! ஒரு ஜந்துவும் எட்டிப் பார்க்கவில்லை. அந்தம்மாதான் தன்னையே சுட்டுக்கொண்டு கணக்கை நேர் செய்கிறார்.

காலத்துக்குக் காவலாக டைம் லார்டுகள் (டாக்டரின் இனத்தார்) இல்லாததுதான் காரணம் என்றால், இரண்டு கதையிலும் அவர்கள் இல்லை. ரோஸ் ஒரே இடத்துக்கு, அதே நேரத்துக்கு இரண்டு தடவை போனதால் அந்த இடம் பலவீனமாகிவிட்டது என்பது பையன் கட்சி. சரி, அப்படியானால் 2013 எபிசோடில் அதே டாக்டரின் வெவ்வேறு காலத்து வடிவங்கள் மூன்றும் ஒரே அறையில் நின்றபோது? ஆயா, “எழுதினவன் மறந்திருப்பான்” என்று சொல்லிவிட்டுத் தேன்குழல் பிழியப் போய்விட்டார்.

ஜந்துகள் எப்போது வரும், எப்போது வராது என்று தொடருக்குள்ளேயே எந்த எபிசோடிலாவது சொல்லியிருக்கிறார்களா?