துவைத்த துணி வாசனை பிள்ளைக்கு இளைப்பைக் கிளப்புமா? உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

மழைக்குருவி
மகனுக்கு ஐந்து வயது. இளைப்பு வராமல் தடுக்கத் தினமும் இழுக்கும் ப்ரிவென்டர் இன்ஹேலர் ஓடிக்கொண்டிருக்கிறது. தூசி, பனி, சளி எல்லாம் பார்த்தாயிற்று, அந்தக் கதை இங்கே எல்லாருக்கும் தெரிந்ததுதான். எனக்கு உறுத்துவது ஒரே ஒரு ராத்திரி. தலையணை உறையை ஃபேப்ரிக் கண்டிஷனரில் அலசிக் காயவைத்து அன்றைக்குத்தான் போட்டிருந்தேன். தூங்கும் முன் தலையணையில் முகத்தைப் புதைத்து இப்படியும் அப்படியும் தேய்ப்பது அவன் வழக்கம். தேய்க்கத் தேய்க்க மணம் கிளம்பி, கதவருகே நின்ற எனக்கே அடித்தது. கொஞ்ச நேரத்தில் இருமல். எழுந்து உட்கார்ந்து, "இந்தத் தலகாணி வேணாம்மா, நெஞ்சுல குத்துது" என்றான். விலாவுக்கு நடுவே சதை உள்ளே இழுத்தது. ஸ்பேசர் குழாய் வைத்து, மூச்சு முட்டும்போது கொடுக்கும் நீல இன்ஹேலரைக் கொடுத்தேன், உறையை மட்டும் மாற்றினேன், விடியும்வரை தூங்கினான். டாக்டர் சளியாக இருக்கும் என்று முடித்துவிட்டார். சளியே இல்லை. வேறு யாருக்காவது இப்படி?

ஜன்னலோரம்
இருக்கிறது. எங்கள் வீட்டில் எதிரி பக்கத்து வீட்டில் துணி காயவைக்கும் டிரையர். அதன் காற்றுக்குழாய் எங்கள் ஜன்னலுக்கு நேரே. மகள் எழுதிக்கொண்டிருந்தவள் பேனாவை வைத்துவிட்டு ஜன்னலைச் சாத்தினாள். ஏன் என்றேன். "துணி வாசனை வருதுப்பா, இப்ப இளைக்கும்." எனக்கு இன்னும் மணமே தெரியவில்லை! அமெரிக்காவில் ஆன் ஸ்டைன்மன் குழு இப்படிப்பட்ட குழாய்க் காற்றைச் சோதித்து 2011இல் வெளியிட்டது. ஆவியாகும் வேதிப்பொருட்கள் 25க்கும் மேல், அதில் புற்றுநோய் உண்டாக்கும் பென்சீனும் உண்டு. பக்கத்து வீட்டுக்காரரிடம் சொன்னால் "நல்ல வாசனைதானே சார்" என்று சிரிக்கிறார்.

கணக்குப்பிள்ளை
ஜன்னலோரம், அது ஒருசில இயந்திரங்களை வைத்துச் செய்த சின்ன ஆய்வு. காற்றில் என்ன இருந்தது என்றுதான் பார்த்தார்கள், எந்தப் பிள்ளைக்கும் இளைப்பு வந்ததா என்று பார்க்கவில்லை. மழைக்குருவி, தலையணைக்குள் இருக்கும் தூசிப்பூச்சியை ஏன் விட்டுவிட்டீர்கள்? முகத்தை அவ்வளவு தேய்த்தால் அதுவும் கிளம்பும். வாசனையைவிட நான் பயப்படுவது பிளீச்சுக்கு. அண்ணி வெள்ளைத் துணியைப் பிளீச்சில் ஊறவைத்திருந்த வாளிக்குப் பக்கத்திலேயே ஆசிட் ஊற்றித் தரை கழுவினார். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு. அண்ணன் மகள் குளியலறை வாசலில் நின்று கண்ணைக் கசக்கிக்கொண்டு, வாயைத் திறந்து திறந்து மூடினாள், சத்தமே வரவில்லை. அதைப் பார்த்தவன் நான்.

மழைக்குருவி
தலையணை புதுசு சார். உறையை மாற்றியதும் அதே தலையணையில்தானே தூங்கினான்?

கணக்குப்பிள்ளை
இன்ஹேலர் கொடுத்த பிறகு எந்தத் தலையணையிலும் தூங்குவான்.

வெந்நீர்
சண்டை வேண்டாம், இரண்டும் இருக்கலாம். என் பையனுக்கும் புதுத் துண்டால் முகம் துடைத்ததும் வந்தது, அவ்வளவுதான் என் கதை. ஆனால் சிலது சொல்லிவிடுகிறேன். இப்போதைய கண்டிஷனர்கள் பலவற்றில் மணத்தைக் கண்ணுக்குத் தெரியாத உறைகளில் அடைத்துச் சேர்க்கிறார்கள். துணி உரசும்போது அவை உடைந்து மணம் வரும், தேய்க்கத் தேய்க்க வந்தது அதனால்தான் இருக்கும். 'அன்சென்டட்' என்று போட்டிருப்பதை நம்பி வாங்காதீர்கள், வேறு வாடையை மறைக்க அதிலும் மணப்பொருள் சேர்ப்பதுண்டு; 'ஃப்ராக்ரன்ஸ் ஃப்ரீ' என்று இருக்கிறதா பாருங்கள். கண்டிஷனரே இல்லாவிட்டாலும் துணி கெட்டுப்போகாது, துண்டு இன்னும் நன்றாகவே ஈரம் இழுக்கும். சோப்புத் தூளைக் குறைத்துப் போட்டு ஒரு அலசல் கூட்டுங்கள். தூளைக் கொட்டும்போது பிள்ளை பக்கத்தில் வேண்டாம். கறை நீக்கச் சேர்க்கும் என்சைம் தூள் பறந்து சோப்பு ஆலைத் தொழிலாளர்களுக்கு ஆஸ்துமா வந்தது 1969லேயே மருத்துவ இதழில் வந்த விஷயம், அதற்குப் பிறகுதான் என்சைமைப் பறக்காத மணிகளாக்கினார்கள். படுக்கை விரிப்பை 60 டிகிரி வெந்நீரில் துவைத்தால் கணக்குப்பிள்ளை சொன்ன பூச்சி சாகும். ஈரத்துணியைப் பிள்ளை தூங்கும் அறையில் காயப்போடாதீர்கள், பூஞ்சை பிடிக்கும். வினிகரில் அலசுகிறவர்கள் அதையும் பிளீச்சோடு சேர்க்கக் கூடாது. அப்புறம், கனடாவில் 2,000க்கும் மேற்பட்ட குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்த ஆய்வு 2020இல் வந்தது. பிறந்த சில மாதங்களில் வீட்டில் துப்புரவுப் பொருட்கள் அதிகம் புழங்கியிருந்தால் மூன்று வயதில் ஆஸ்துமா கூடுதலாகத் தெரிந்தது, மணம் சேர்த்தவையும் ஸ்பிரேயும் முன்னால் நின்றன. தொடர்புதான், இதுதான் காரணம் என்று அடித்துச் சொல்லவில்லை. எதை மாற்றினாலும் டாக்டரைக் கேட்காமல் ப்ரிவென்டரை நிறுத்திவிடாதீர்கள்.

தூங்காதவள்
வெந்நீர், இதையெல்லாம் யார் கேட்டார்கள்? 😄 எனக்கு வேறு கவலை. மாமியார் ஊரிலிருந்து வந்ததும் பாப்பாவைத் தூக்கி அணைத்தார். அவர் துணியில் ஊறிய கண்டிஷனர் வாசனை வாசலிலேயே தெரிந்தது. பாப்பா மூக்கைப் பொத்திக்கொண்டு, அவர் நெஞ்சில் கையை வைத்துத் தள்ளினாள். எல்லாரும் பார்த்தார்கள். அவர் ஒன்றும் சொல்லாமல் இறக்கிவிட்டார். இளைப்பால்தான் என்று நான் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் அவர்மேல் பழி போட்டதாகிவிடுமோ என்று பயம். அடுத்த மாதம் மறுபடி வருகிறார்.

ஜன்னலோரம்
உங்கள் வீட்டுக்காரரைச் சொல்லச் சொல்லுங்கள். மகன் சொன்னால் கோபம் அரை நாள்தான்.

கணக்குப்பிள்ளை
அதுகூட வேண்டாம்மா. வந்த அன்றே "பயணத் துணியைக் கொடுங்கத்தை, துவைச்சுப் போடுறேன்" என்று வாங்கி உங்கள் சோப்பில் போட்டுவிடுங்கள். உபசாரம் என்றே நினைத்துக்கொள்வார்.