உள்நாட்டு டிரேட்மார்க் விண்ணப்பம் ஏற்றுமதிக்குப் போதுமா?

(முன்னுரிமை, வகைப்பாடு, சரக்குப்பெட்டி என்ற பெயர்களில் மூவர் பதில் சொல்கிறார்கள்.)

வால்வுப்பட்டறை கேட்டது:
குழாய்களுக்கான உலோக வால்வு தயாரிக்கிறோம். பிராண்டுப் பெயருக்கு உள்நாட்டில் டிரேட்மார்க் விண்ணப்பம் போட்டு 4 மாதம் ஆகிறது. கசிவைத் தடுக்கும் சீல் அமைப்புக்குப் பேட்டன்ட் விண்ணப்பம் போட்டு 9 மாதம். சரக்கு ஜெர்மனிக்கும் அமெரிக்காவுக்கும் போகப்போகிறது. ஜெர்மனி டிஸ்ட்ரிபியூட்டர், "பெயரை இங்கே எங்கள் பெயரில் பதிந்துகொள்கிறோம், உங்களுக்குச் செலவு மிச்சம்" என்கிறார். சம்மதிக்கலாமா? கன்டெய்னரைச் சுங்கத்தில் நிறுத்த வாய்ப்பு உண்டா?

முன்னுரிமை:
சம்மதிக்கவே கூடாது. நாளைக்கு நீங்கள் டிஸ்ட்ரிபியூட்டரை மாற்றினால், அந்தப் பதிவைச் சுங்கத்தில் காட்டி உங்கள் சரக்கையே நிறுத்திவைப்பார். முகவர் அனுமதியில்லாமல் பதிந்துகொண்டால் எதிர்க்கவும் ரத்துசெய்யவும் தொழில்துறைச் சொத்துரிமைக்கான பாரிஸ் உடன்படிக்கையில் வழி இருக்கிறது. ஆனால் நீங்களே தலையாட்டிவிட்டால் அது கைகொடுக்காது.

உங்கள் உரிமை நாட்டு எல்லையோடு நின்றுவிடும். வெளியே கொண்டுபோக அதே உடன்படிக்கை தரும் கெடு, டிரேட்மார்க்குக்கு 6 மாதம், பேட்டன்ட்டுக்கு 12 மாதம். உங்களுக்கு மிச்சம் 2 மாதமும் 3 மாதமும்தான். கெடுவுக்குள் போட்டால் வெளிநாட்டு விண்ணப்பத்துக்கும் உள்நாட்டுத் தேதியே கணக்கு. இடையில் வேறொருவர் அதே பெயரைப் போட்டிருந்தாலும் நீங்கள்தான் முந்தியவர். டிரேட்மார்க் கெடு தவறினால் போவது அந்த முந்தைய தேதி மட்டும், விண்ணப்பம் அப்புறமும் போடலாம். பேட்டன்ட் கெடு தவறினால், இடையில் வெளியான எதுவும் உங்களுக்கு எதிராக எண்ணப்படும். பணம் இப்போது கைவசம் இல்லையென்றால் 12 மாதத்துக்குள் பிசிடி (பல நாட்டுப் பேட்டன்ட்டுக்கான ஒரே சர்வதேச) விண்ணப்பம் போட்டுவிடுங்கள். நாடுவாரிச் செலவு முதல் தேதியிலிருந்து 30 மாதம் தள்ளிப்போகும். ஐரோப்பியப் பேட்டன்ட் அலுவலகத்துக்கு 31.

வகைப்பாடு:
டிரேட்மார்க்குக்கு மாட்ரிட் முறை மலிவு, ஒரே விண்ணப்பத்தில் பல நாடு. ஆனால் உங்கள் உள்நாட்டு விண்ணப்பமே இன்னும் பதிவாகவில்லை. மாட்ரிட் பதிவு முதல் 5 ஆண்டுக்கு அதைச் சார்ந்தே நிற்கும். இங்கே தள்ளுபடியானால் அங்கே எல்லா நாட்டிலும் விழும். விழுந்த 3 மாதத்துக்குள் நாடுவாரி விண்ணப்பமாக மாற்றித் தேதியைக் காப்பாற்றலாம், செலவு இரட்டிப்பு. பெயர் பொருளை விவரிக்கும் சொல்லாக இருந்து தள்ளுபடி ஆபத்து இருந்தால், இரண்டே சந்தைக்கு நேரடி விண்ணப்பமே மேல் என்பேன்.

பலர் சறுக்கும் இடம், டிரேட்மார்க் விண்ணப்பத்தில் பொருள் எந்த வகை என்று சொல்லும் வகுப்பு எண். இயந்திரப் பாகமாக இல்லாத உலோக வால்வு சர்வதேச நைஸ் வகைப்பாட்டில் 6, இயந்திரப் பாகமானால் 7, தண்ணீர்க் குழாய்த் திருகு 11. ஒன்றை மட்டும் போட்டுவிட்டு மற்றதையும் விற்றால் பாதுகாப்பில் ஓட்டை. வெறுமனே "வால்வு" என்று எழுதினால் அமெரிக்க ஆய்வாளர் திருப்பி அனுப்புவார். மாட்ரிட் வழி அமெரிக்காவுக்குப் போனால் 5ஆம் ஆண்டுக்கும் 6ஆம் ஆண்டுக்கும் இடையில் பெயரை அங்கே பயன்படுத்துகிறோம் என்று உறுதிமொழி தர வேண்டும். அதை மறந்துதான் நல்ல பதிவுகள் செத்துப்போகின்றன.

சரக்குப்பெட்டி:
மேலே இருவரும் உங்கள் உரிமையைப் பற்றியே பேசுகிறார்கள். கன்டெய்னரை நிறுத்துவது பெரும்பாலும் அடுத்தவர் உரிமை. சொந்தப் பேட்டன்ட் இருந்தாலும், சீலுக்கு அடியில் உள்ள ஆக்சுவேட்டர் (வால்வைத் திறந்து மூடும் இயக்கி) இன்னொருவர் பேட்டன்ட்டில் மாட்டலாம். உலக வர்த்தக அமைப்பின் அறிவுசார் சொத்துரிமை ஒப்பந்தமான டிரிப்ஸ் 28ஆம் பிரிவின்படி இறக்குமதியே மீறல்தான், விற்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அனுப்புமுன் எஸ்பேஸ்நெட் என்ற பேட்டன்ட் தேடல் தளத்தில் அந்தந்த நாட்டில் உயிரோடிருக்கும் பேட்டன்ட்டுகளைத் தேடுங்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 608/2013 விதிப்படி சுங்கம் சரக்கைப் பிடித்தால் 10 வேலைநாள்தான். அதற்குள் மறுப்பு வராவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, வழக்கே இல்லாமல் அழிக்க முடியும். நோட்டீஸ் போவது பெரும்பாலும் அங்குள்ள இறக்குமதியாளருக்கு, உங்களுக்கு அல்ல. அவர் அலுவலகத்தில் அது இரண்டு வாரம் மேசையில் கிடந்தாலே வேலை முடிந்தது. எனவே, நோட்டீஸ் வந்த 24 மணிநேரத்தில் உங்களுக்கு அனுப்பவும், நீங்கள் கேட்டால் எழுத்தில் மறுக்கவும் ஒப்பந்தத்தில் கட்டுங்கள்.

பர்ச்சேஸ் ஆர்டரின் பின்பக்கப் பொடி எழுத்தையும் படியுங்கள். ஐபி (அறிவுசார் சொத்துரிமை) மீறலுக்கு நீங்கள் தர வேண்டிய இழப்பீடு வரம்பில்லாமல் இருக்கும். இன்வாய்ஸ் தொகைக்குள் அடக்கப் பாருங்கள். வாங்குபவரின் வரைபடப்படி செய்த பொருளுக்கு நீங்கள் பொறுப்பில்லை என்று சேருங்கள். சர்வதேச சரக்கு விற்பனைக்கான ஐநா உடன்படிக்கையின் 42ஆம் பிரிவே அந்த விலக்கைத் தருகிறது. விற்பவர், வாங்குபவர் இருவரின் நாடும் அதில் உறுப்பினராக இருந்தால் அதைக் காட்டியே பேரம் பேசலாம்.

வால்வுப்பட்டறை:
நன்றி. அடுத்த மாதம் ஜெர்மனியில் கண்காட்சி. சீலின் புது மாதிரியை வைக்கலாமா?

முன்னுரிமை:
9 மாதம் முன்பு போட்ட விண்ணப்பத்தில் எழுதியிருப்பது வரை தாராளமாக. அதற்கப்புறம் செய்த மாற்றம் எதுவானாலும் காட்டுமுன் புது விண்ணப்பம் போட்டுவிடுங்கள். அமெரிக்காவில், காட்டிய பிறகும் விண்ணப்பம் போட ஓராண்டு சலுகை உண்டு. ஐரோப்பியப் பேட்டன்ட்டுக்கு வழக்கமான கண்காட்சியில் காட்டினாலே புதுமை போயிற்று.

சரக்குப்பெட்டி:
கண்காட்சி அரங்கிலேயே தடை உத்தரவு கொண்டுவந்து பொருளை எடுத்துப்போவது ஜெர்மனியில் சகஜம், உங்களைக் கேட்காமலேயே நீதிமன்றம் தரலாம். போட்டியாளர் சண்டைக்காரர் என்றால் உங்கள் வாதத்தை முன்கூட்டியே அங்கே நீதிமன்றங்கள் பார்க்கும் மின்னணுப் பதிவேட்டில் போட்டுவைக்கலாம், 6 மாதம் இருக்கும். விண்ணப்ப நகலை அரங்கில் கையோடு வைத்திருங்கள்.