யோகட் கூடச் சுவருக்கு டைட்டானியம் பூச்சு: ஃபேஜ் நிற்குமா?

திருமலைப்பால்:
திருகோணமலையில் சிறிய யோகட் கூடம். பாலை 85 பாகையில் 30 நிமிடம் வைத்து, 43க்கு ஆற்றி உறை விடுகிறோம். சில தொகுதிகள் 6 மணித்தியாலமாகியும் பிஎச் 5.4க்குக் கீழே இறங்குவதில்லை. பாலில் அன்டிபயோட்டிக் இல்லை. வேறு ரகக் கல்ச்சர் (உறை பக்டீரியா) போட்டால் உறைகிறது, ஆகவே அந்தப் பக்டீரியாவைத் தாக்கும் வைரசான ஃபேஜ்தான். சுவருக்கு டைட்டானியம் டையொக்சைட்டுப் பூச்சு அடித்தால் ஜன்னல் வெளிச்சமே வைரசைக் கொன்றுவிடும் என்கிறார் ஒரு விற்பனையாளர். நம்பலாமா?

நுண்ணுயிரி:
பூச்சு பொய்யில்லை, உங்கள் வேலைக்குத்தான் பொருந்தாது. இந்தப் பூச்சில் போடும் அனடேஸ் வகை டைட்டானியம் டையொக்சைட்டு, ஏறத்தாழ 388 நனோமீற்றருக்குக் குறைந்த அலைநீளமுள்ள ஒளிக்கே, அதாவது புறஊதாவுக்கே, வேலை செய்யும். ஜன்னலோரம் அது கிடைக்கும். உள்சுவருக்குச் சொற்பம், சாதாரண எல்ஈடி பல்ப்பில் இல்லையென்றே சொல்லலாம். ஒளி பட்டுப் பிறக்கும் ஹைட்ரொக்சில் மூலிகம் (எதனோடும் உடனே வினைபுரியும் துணுக்கு) பிறந்த இடத்திலேயே தீர்ந்துபோகும். பூச்சில் ஒட்டிய ஃபேஜை உடைக்கும். காற்றில் வந்து தொட்டிக்குள் விழும் துளியை எட்டாது. தயிர்த்தண்ணி தெறித்துக் காய்ந்தால் இன்னும் மோசம்: மூலிகங்களைப் புரதமே செலவழித்துவிடும், பொஸ்பேட்டு பூச்சின் மேற்பரப்பைப் பிடித்துக்கொள்ளும்.

சாதாரண வெள்ளைப் பெயின்றை ஏமாந்து வாங்காதீர்கள். அதிலுள்ள ரூட்டைல் (டைட்டானியம் டையொக்சைட்டின் இன்னொரு வகை) துகளுக்கு, பெயின்ற் பொடியாக உதிராதிருக்க, சிலிக்காவோ அலுமினாவோ பூசி இந்த வினையையே அடக்கியிருப்பார்கள். (புல்மோட்டை மணலில் இருப்பதும் இதே டைட்டானியம்தான். அதற்காக அந்த மணலும் வைரசைக் கொல்லாது!)

பால்கூடம்:
முதலில் உறுதிப்படுத்துங்கள். கெட்ட தொகுதியின் தயிர்த்தண்ணியை 0.45 மைக்ரோன் வடியில் வடித்து, காய்ச்சி ஆற்றிய 10 மில்லிலீற்றர் பாலில் 1 மில்லிலீற்றர் விட்டு அதே கல்ச்சரைப் போடுங்கள். இன்னொரு குழாயில் அதே பாலும் கல்ச்சரும் எடுத்து, அதே வடிநீரை ஃபேஜ் சாக 15 நிமிடம் கொதிக்கவைத்து ஆற்றி விடுங்கள். 4 மணித்தியாலத்தில் முதலாவது மட்டும் புளிப்பதில் பின்தங்கினால் ஃபேஜ்தான்.

பிறகு கழுவல். சோடாக் காரத்தால் கொழுப்பையும் புரதத்தையும் எடுத்த பின்பே 0.15 வீதப் பெரசெற்றிக் அமிலம் (கிருமிநீக்கி) ஊற்றுங்கள். அழுக்கின் மேல் ஊற்றினால் வீண். ஸ்பிரிற் மட்டும் போதாது. திரும்பி வந்த கப்புகளைக் கழுவும் இடத்துக் காற்று உறைவிடும் தொட்டிப் பக்கம் வரக்கூடாது. கச்சான் காற்றுக் காலத்தில் ஜன்னலைத் திறந்து ஃபானும் போட்டால் அதுதான் நடக்கும். கல்ச்சரை மாற்றும்போது பிராண்டை அல்ல, ஃபேஜுக்கு வேறுபடும் ரகத்தைக் கேளுங்கள்.

நுண்ணுயிரி:
விற்பனையாளர் ஐஎஸ்ஓ 18061 (ஒளியில் வேலை செய்யும் பூச்சு வைரசைக் கொல்கிறதா என்று பார்க்கும் சோதனை) சான்றிதழ் காட்டினால் ஒன்றைக் கவனியுங்கள். அந்தச் சோதனை கியூ-பீற்றா ஃபேஜில் செய்வது; அது வாலில்லாத சிறிய ஆர்என்ஏ வைரசு. உங்களைத் தாக்குவது வாலுள்ள டிஎன்ஏ ஃபேஜ். அதோடு, பூச்சிட்ட மாதிரித் துண்டை இருட்டில் வைத்துப் பார்த்த கணக்கையும் கேளுங்கள். ஃபேஜ் பூச்சில் ஒட்டிக்கொண்டாலும் எண்ணிக்கை குறையும், செத்ததுபோலவே தெரியும்.