அம்மாவை ஏன் ‘அண்ணே’ என்கிறாள்?

குழு: பெரிய வீட்டுப் பிள்ளைகள்

சாந்தி சித்தி, இரவு 9:12
ஒரு சந்தேகம். நான் பார்க்கிற துருக்கி சீரியலில் அந்தக் குட்டிப் பெண் தன் அம்மாவை எதற்கு "அண்ணே, அண்ணே" என்று கூப்பிடுகிறாள்?

மீனா
அது ‘அன்னே’ சித்தி. துருக்கியில் அம்மாவுக்கு அதுதான் சொல். ‘கதின்’ தானே பார்க்கிறீர்கள்? அம்மா பஹார், பிள்ளைகள் நிசான், தொருக்?

சாந்தி சித்தி
அதேதான். புருஷன் கடலில் விழுந்து போய்விட்டான், கையில் இரண்டு பிள்ளைகள், துணிப் பட்டறையில் வேலை. பிள்ளைகள் முன்னால் சிரிக்கிறாள், தனியாகப் போய் அழுகிறாள். இவள் வேலைக்குப் போனால் பெரியவள்தான் தம்பிக்குக் காவல். அவளே ஒரு சின்னப் பிள்ளை! எனக்குச் சோறு இறங்கவில்லை.

குமார் மாமா
ஒரு எபிசோடே இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடுகிறது. சோறு ஆறித்தான் போகும்.

மீனா
அங்கே வாரத்துக்கு ஒன்றுதான் மாமா. ஆனாலும் நீளம் தாங்காமல் 2010இலேயே சீரியல்காரர்கள் போராட்டம் நடத்தினார்கள். இந்தக் கதை ஜப்பானில் 2013இல் 11 எபிசோடில் முடிந்தது. இவர்கள் 81 ஆக்கிவிட்டார்கள்.

குமார் மாமா
மிச்சம் 70இலும் பஹாரின் தங்கை ஷிரின் பண்ணுகிற அட்டூழியம்தான்.

சாந்தி சித்தி
அவள் பேரை எடுக்காதே. ரத்தம் கொதிக்கிறது.

அம்மா
எனக்கு எரிச்சல் கீழே ஓடுகிற இங்கிலீஷ் மேல்தான். யாராக இருந்தாலும் ஆன்ட்டி, அங்கிள். அவர்கள் வாயில் வேறு வேறாக வருகிறதே?

மீனா
சரியாகக் கேட்டிருக்கிறாய் அம்மா. அம்மாவின் அக்கா தங்கை ‘தெய்ஸே’, அப்பாவின் அக்கா தங்கை ‘ஹாலா’. சித்தப்பா, பெரியப்பா ‘அம்ஜா’. அம்மாவின் அண்ணன் தம்பி ‘தாயி’. அண்ணிக்கு ‘யெங்கே’.

குமார் மாமா
தாய்மாமன் தாயியா! இதை நாமே வைத்தது மாதிரி இருக்கிறது.

சாந்தி சித்தி
அப்போது நான் மீனாவுக்கு தெய்ஸே. சித்தி என்பதில் இருக்கிற சுகம் இல்லை, போகட்டும்.

அம்மா
பஹாரின் அம்மா ஹதிஜேயைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. எட்டு வயதுப் பெண்ணை விட்டுவிட்டுப் போனவள், போன இடத்தில் பெற்ற ஷிரினைத் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறாள்.

மீனா
போகப் போக அவளும் மாறுவாள் அம்மா. முழுசாகத் திட்ட எனக்கு மனசு வரவில்லை.

அம்மா
நீ திட்டாதே. நான் திட்டிக்கொள்கிறேன்.

சாந்தி சித்தி
ஹதிஜே புருஷன் என்வரைப் பாருங்கள்! தையல்காரர், தான் பெறாத மகள், அவள் பிள்ளைகள் மேல் என்ன பாசம். அப்படி ஒரு மனுஷனுக்கு ஷிரின் வந்து பிறந்தாளே.

குமார் மாமா
இந்தச் செய்தி நீக்கப்பட்டது

சாந்தி சித்தி
நீக்கி என்ன புண்ணியம், படித்துவிட்டேன். பஹார் புருஷன் சார்ப் சாகவே இல்லையா???

குமார் மாமா
தெரியாமல் கை பட்டுவிட்டது அக்கா.

சாந்தி சித்தி
மூன்று வரிக்கா கை படும்? அந்தப் பாவிக்காக நான் நாலு நாள் அழுதிருக்கிறேன்.

அம்மா
எருமை.

மீனா
விடுங்கள் சித்தி. இது முடிந்ததும் ‘பிஸிம் ஹிகாயே’ பாருங்கள், நம் கதை என்று அர்த்தம். அப்பன் குடிகாரன். பிலிஸ்தான் மூத்தவள், ஐந்து தம்பி தங்கைகளை வளர்க்கிறாள். பாரிஷ் காதல் என்று வந்து நிற்கிறான், அவளுக்குத் தன்னைப் பற்றி நினைக்கவே நேரமில்லை. பிரிட்டனில் வந்த ‘ஷேம்லெஸ்’தான் மூலம். அங்கே இருந்த கண்றாவியை எல்லாம் வடிகட்டி, வீட்டோடு உட்கார்ந்து பார்க்கிற மாதிரி செய்திருக்கிறார்கள்.

சாந்தி சித்தி
சரி, பார்க்கிறேன். உன் மாமா காதில் மட்டும் போடாதே.

அம்மா
குமார், நாளைக்கு வரும்போது தோசை மாவு வாங்கி வா.

குமார் மாமா
சரி அன்னே 🙏

சாந்தி சித்தி
பஹாருக்கு ரத்தப் பரிசோதனை எடுத்திருக்கிறார்கள். பார்த்துவிட்டு வருகிறேன். அதுவரை யாரும் ஒன்றும் எழுத வேண்டாம்.

குமார் மாமா தட்டச்சு செய்கிறார்…

சாந்தி சித்தி
குமார்! கையை எடு!